என் பெயரில் ஒரு கிரானைட் கம்பெனி

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.

அன்புள்ள மாப்பிள்ளை செல்வகுமாருக்கு, உன் தாய்மாமன் சின்னக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை அஞ்சலாட்சியும் மகள் தேவிப்பிரியாவும் சௌக்கியம். பெங்களூரில் நீயும் உன் உத்தியோகமும் அப்படியே இருக்க வேண்டும். என் வருமான வரிக் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்று கேட்டு நீ பதறியதாக அக்கா சொன்னாள். பதறாதே. போனில் பேசினால் திருடன் ஒட்டுக்கேட்பான் என்றுதான் ரகசியமாகக் கடிதம் போடுகிறேன்.

விஷயம் இதுதான். உன் அத்தை தினமும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் கூடையை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டுகிறாளே, ஒரு குட்டியானை வண்டி வாங்கிவிடலாம் என்று வங்கியில் கடன் கேட்டேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வடக்க கிரானைட் கம்பெனி வச்சிருக்கீங்க, வரி பாக்கி நிக்குது, உங்களுக்கு எதுக்குங்க குட்டியானை?" என்றார். எவனோ என் பான் எண்ணில் கம்பெனி திறந்து, என் வரிக் கணக்கிலும் புகுந்து தன் போன் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறான். நீயே சொல், இந்தக் குப்பத்தில் இத்தனை பேர் இருக்க என் பெயரைத்தானே பொறுக்கி எடுத்தான்! பெயரில் ஒரு கம்பீரம் இல்லாமலா? வீட்டில் வந்து சொன்னால் உன் அத்தை, "சரிங்க மொதலாளி, ஐஸ் தீந்துபோச்சு, போயி வாங்கியாங்க" என்கிறாள்.

சும்மா விடுவேனா? நேராக சைபர் கிரைம் போலீசுக்குப் போனேன். என்னைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். (தேவிப்பிரியா தோளுக்கு மேல் எட்டிப் படிக்கிறாள்: "யப்பா, அவரு சார்ஜரு புடுங்க எழுந்தாரு." இருக்கட்டும், எழுந்தாரா இல்லையா?) புகார் ரசீதோடு ஆடிட்டர் மிசே லூர்துபிரகாஷிடம் (நம் ஊரில் பெரிய மனுஷரை ‘ஐயா’ என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘மிசே’ என்போமே) போனேன். நாங்கள் இருவரும் சேர்ந்து, அதாவது அவர் தட்ட நான் பார்க்க, அந்தக் கம்பெனி வருமானம் என்னுடையதல்ல என்று வரி ஆபீசுக்குப் பதில் போட்டோம், பாஸ்வேர்டை மாற்றினோம், திருடன் நம்பரைத் தூக்கிவிட்டு என் நம்பரை ஏற்றினோம். அதற்கும் மேலே ஒரு பூட்டு: என் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால்தான் இனி கணக்கே திறக்கும். "இனிமே ஈ எறும்பு நுழையாது, சின்னக்கண்ணு" என்றார் மிசே. ராணுவக் கிடங்குக்குக்கூட இப்படியொரு பூட்டு கிடையாது என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வரி ஆபீசில் பாக்கி வசூலையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வண்டிக் கடனுக்குக் கையெழுத்து.

வண்டி வந்ததும் முதல் சவாரி உனக்குத்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு. போட்ட வலையெல்லாம் நிறைந்து வருகிற மாதிரி உன் காரியமெல்லாம் நிறைந்து வரட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமன்,
சின்னக்கண்ணு

பி.கு.: சொல்ல மறந்தேன். மணிக்கூண்டுப் பக்கம் எனக்கு பேனர் வைத்தாயிற்று, ‘இணையத் திருடனை விரட்டிய இளஞ்சிங்கமே’ என்று. செலவு என்னுடையது, வாசகமும்தான். எந்தச் சின்னக்கண்ணு என்று ஜனங்கள் குழம்பக்கூடாதே, அதனால் ஒரு பக்கம் பான் கார்டு, மறுபக்கம் ஆதார், நடுவில் போன் நம்பர், எல்லாம் ஆள் உயரத்துக்கு. காலையிலிருந்து ஒரே பாராட்டு. இப்போதுகூட வரி ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் கூப்பிட்டு, கௌரவச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று என் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டார். ரொம்ப மரியாதையான மனுஷன். "கடைசி ரெண்டு சரியா கேக்கலைங்கய்யா, இன்னொரு தபா நிதானமா சொல்லுங்க" என்றார். நிதானமாகவே சொன்னேன்.