வாயே திறக்காத பெட்டியும் மார்க் வாத்தியாரும்

மார்க் போட்டே உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நம்புகிற ஒரு பிறவி உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் சீக்கிரம் வந்தால் லிஃப்டுக்கு எட்டு மார்க், மழை தாமதமாக வந்தால் மழைக்கு மூன்று. நான் சொல்லும் இன்ஜினியரும் அதில் ஒன்று. ஆபீசில் அவருக்கு 'வாத்தியார்' என்று பேர்.

மருந்து வைக்கும் குளிர் அறைக்கு ஒரு குட்டிப் பெட்டி செய்தார். அறைக்குள் சூடு ஏறினால் அது ஒயர் இல்லாமலே காவலாளியின் போனுக்குச் சேதி அனுப்ப வேண்டும். பேட்டரியைத் தின்னக் கூடாது. ஒட்டுக் கேட்கிறவன் காதிலும் விழக் கூடாது. எப்படி என்று அவர் பெட்டிக்குச் சொல்லித் தரவில்லை. அது பழைய பாணியாம். தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளுமாம். அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு, நமக்கு எதற்கு? பேட்டரி மிச்சமானால் பத்து மார்க், ஒட்டுக் கேட்கிறவன் பிடித்துவிட்டால் ஐம்பது வெட்டு. லட்சம் தடவை பழகி, பெட்டி முழு மார்க் வாங்கிவிட்டது. வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சோதித்துப் பார்க்க முதலாளியம்மா வந்தார். பெட்டி தேறினால் முப்பது கிடங்குக்கு ஆர்டர்; தேறாவிட்டால் வாத்தியார் வேலைக்கு வேட்டு.

குளிர் அறைக் கதவைத் திறந்து வைத்தார்கள். சூடு ஏறியது, இன்னும் ஏறியது, போன் கம்மென்று கிடந்தது. வாத்தியார் பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், குனிந்து கெஞ்சினார். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. பேசினால்தானே பேட்டரி செலவு? பேசினால்தானே ஒட்டுக் கேட்பான்? சும்மா இருந்தாலே மார்க் கொட்டும்போது எந்தப் புத்திசாலி வாயைத் திறப்பான்? சேதி போய்ச் சேர்ந்தால் மார்க் என்று வைக்கவே வாத்தியார் மறந்திருந்தார்.

பெட்டிக்குள் ஒயர் பற்றவைத்த அக்கா பக்கத்தில் நின்றாள். முதலாளியம்மா அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியும் மேடம். போன பெட்டியில தப்புன்னு சொன்னேன், சார் ஒரு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அதுலேருந்து என்ன கேட்டாலும் சூப்பர் சார்னு சொல்லிடுவேன். இப்ப இந்த ஆபீஸ்லயே நான்தான் நல்ல ஸ்டாஃபாம்."

முதலாளியம்மா வாத்தியாருக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார். மார்க் போடும் வேலையை மட்டும் அக்காவிடம் மாற்றிவிட்டார்.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? சரி. 'நீ செய்தது தப்பு' என்று உங்களிடம் கடைசியாக யார் சொன்னார்கள்? யாருமே சொன்னதில்லையா?

அடடா, உங்கள் வீட்டார் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.