வடகுன்றம் வந்து சேர்ந்தது

ஏழு குன்றுகளும் அவற்றுக்கு நடுவே ஆறு பள்ளத்தாக்குகளும் கொண்ட நாடு அது. குன்றுகளின் மேல் ஊர்கள் இருந்தன; பள்ளத்தாக்குகளில் முள்ளும் பாறையும்தான். குன்றுக்குக் குன்று மூங்கில் பாலங்கள் தொங்கின. மக்கள் அவற்றில் நடந்து போய்ப் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள், சந்தைக்குப் போனார்கள், சண்டைக்கும் போனார்கள்.

அந்த நாட்டின் முதலமைச்சர் திருமேனியார் ஒருநாள் நாட்டை முன்னேற்றுவது என்று முடிவுசெய்தார். பன்னிரண்டு பேரைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பறக்கும் அண்டரண்டப் பட்சிகள் கடல் கடந்து வந்து இறங்கின. அவற்றை நடத்தும் உரிமை ‘விண்தோழன் கழகம்’ என்ற ஒரே ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. இரண்டு நிறுவனங்கள் இருந்தால் எதில் ஏறுவது என்று மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று அமைச்சர் விளக்கினார். பறக்கும் நாட்டில் பாலம் இருப்பது அயல்நாட்டார் கண்ணுக்குக் கௌரவக் குறைவு என்பதால், பாலங்கள் அனைத்தும் அறுத்துவிடப்பட்டன.

கீழ்க்குன்றத்தில் பாலத்தைப் பராமரித்து வந்தவன் சடையப்பன். “பட்சி வராத அன்னிக்கு என்ன பண்றது?” என்று அவன் ஊர்க்கூட்டத்தில் கேட்டான். அதற்காக வடகுன்றத்துச் சிறையில் மூன்று வருடம் கிடைத்தது. கேள்விக்கு ஒரு வருடம். அதை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டதற்கு இரண்டு வருடம்.

இரண்டாவது வருடம் அரசரின் பிறந்தநாளை ஒட்டிச் சடையப்பனுக்கு மன்னிப்பு வந்தது. அவன் மனைவி காத்தாயியிடம் ஓலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உறவினர் ஒருவர் ஓலை கிடைத்த நாளிலிருந்து பத்தாம் நாள் முடிவதற்குள் வடகுன்றத்தை அடைந்து, அங்குள்ள முத்திரை அதிகாரி எவரிடமாவது அந்த ஓலையில் வருகை முத்திரை பெற வேண்டும். தவறினால் மன்னிப்பு காலாவதியாகிவிடும்.

பட்சியில் போனால் வடகுன்றம் ஒரு நாழிகைப் பயணம். காத்தாயி தன் நான்கு ஆடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, புருஷனுக்கு ஒரு மாற்று வேட்டியை மூட்டையாகக் கட்டி, ஓலையை மடியில் செருகிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே பட்சி நிலையத்துக்குப் போய்விட்டாள். எட்டு நாள் கையில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அவனைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

நிலையத்தில் ஒரு பெரிய கூடம். அதன் கோடியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சிரித்த முகத்தோடு இருந்தவர் மகிழ்வண்ணன். கழகத்தின் இன்முக அலுவலர். அவர் கழுத்தில் அரச முத்திரை தொங்கியது.

“வடகுன்றத்துப் பட்சி எப்ப சாமி கிளம்பும்?”

“மதிப்புக்குரிய பயணியே, பட்சி இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடும்.”

அன்று சாயங்காலமும் அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள், பட்சி இறகு உதிர்க்கிறது என்றார். நான்காம் நாள் ஒரு பட்சி வந்தது. கூடையில் காத்தாயிக்குக் கொடுத்த இட எண்ணையே இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் தங்களுக்குள் பேசி முடிவுக்கு வருவதற்குள் அமைச்சரின் மைத்துனர் குடும்பம் வந்து ஏறிக்கொண்டது. அவளுடைய மூட்டை மட்டும் எப்படியோ அந்தப் பட்சியில் ஏறிப் போய்விட்டது. அதுவும் தென்குன்றத்துக்கு.

கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் வைத்தியலிங்கம், நாகசுரக்காரர். வடகுன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் புறப்பட்டவர்.

“என்னிக்கு அண்ணே முகூர்த்தம்?” என்று காத்தாயி கேட்டாள்.

“போன மாசம்,” என்றார் அவர். “இனிமே வளைகாப்புக்குப் போய் வாசிச்சாத்தான் உண்டு, தங்கச்சி.”

ஐந்தாம் நாள் காலையில் முதல் ஆணை வந்தது. முரசறைபவர் கூடத்தின் நடுவில் நின்று படித்தார்: “தாமதம் என்பது புறப்பட்ட பட்சி உரிய நேரத்தில் சென்றடையாமையைக் குறிக்கும். புறப்படாத பட்சி தாமதமாக வாய்ப்பில்லை. ஆகவே இந்நிலையத்தில் தாமதம் அறவே ஒழிக்கப்பட்டுவிட்டது. பயணிகள் தற்போது அனுபவிப்பது ‘நீட்டிக்கப்பட்ட வரவேற்பு’ ஆகும்.”

காத்தாயி மேசைக்குப் போனாள். “ஐயா, நான் புகார் கொடுக்கணும்.”

“தாராளமாகக் கொடுக்கலாம். குறைகளைக் கேட்பதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருக்கிறோம்.”

“எங்க இருக்கு?”

“வடகுன்றத்தில். நேரில் வர வேண்டும்.”

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் அதே சிரிப்பு, அதே பணிவு. அவசரமென்றால் சுவரில் இருக்கும் பித்தளைக் குழாயில் பேசலாம் என்று வழி காட்டினார். காத்தாயி குழாயில் வாய் வைத்துத் தன் கதை முழுவதையும் சொன்னாள். “உங்கள் குறை எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்,” என்று இனிமையான குரல் வந்தது. காத்திருந்தாள். அதே குரல் அதையே சொன்னது. நான்காவது முறை அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சுவரோடு போன குழாயைத் தொடர்ந்து நடந்து கூடத்தின் பின்பக்கம் போனாள். குழாயின் மறுமுனையில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு மைனா. அவளைப் பார்த்ததும், “தயவுசெய்து காத்திருங்கள்,” என்றது.

தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக் கூண்டுக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அன்று உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். பள்ளத்தாக்கில் இறங்கி ஏறினால் வடகுன்றத்துக்கு ஆறு நாள் ஆகும். நிலையத்துக்கு வந்த அன்றே நடந்திருந்தால் எட்டாம் நாள் போய்ச் சேர்ந்திருக்கலாம். இப்போது நடந்தால் பதினோராம் நாள். இனி பட்சியை விட்டால் வழியில்லை. ‘இதோ வந்துடும், இதோ வந்துடும்னு சொன்னதை நம்பி இருந்துட்டேனே’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவளை ஏமாற்றியவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, ஏமாந்த தன் மேல் வந்த கோபம்தான் அதிகமாக இருந்தது.

ஆறாம் நாள் அமைச்சர் நிலையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பயணிகள் உட்கார்ந்திருந்தால் காத்திருப்பதுபோலத் தோன்றும் என்பதால், கூடத்தில் உட்காருவதும் படுப்பதும் தடைசெய்யப்பட்டன. எல்லோரும் கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் மெதுவாக நடக்கச் சலுகை உண்டு. ஒரு எழுத்தர் ஒவ்வொருவரும் எத்தனை சுற்று நடந்தார் என்று குறித்துக்கொண்டார். சாயங்காலம் அமைச்சர் வந்து, கழகம் ஒரே நாளில் மக்களை இவ்வளவு காதம் பயணம் செய்ய வைத்திருக்கிறது என்று பெருமையோடு அறிவித்துவிட்டுப் போனார். அவருக்குப் பட்சி தயாராக இருந்தது.

மூன்று நாள் அப்படி நடந்தார்கள். காத்தாயியின் கால் வீங்கிப்போனது. வைத்தியலிங்கம் நாகசுரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

ஒன்பதாம் நாள் நண்பகலில் முரசு மறுபடி ஒலித்தது. இந்தமுறை அமைச்சரே மேடையேறினார்.

“என் அருமை மக்களே! உங்கள் துயரம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நீங்கள் வடகுன்றத்துக்குப் போக முடியவில்லை என்று அறிந்தேன். மக்கள் வடகுன்றத்தைத் தேடிப் போக வேண்டுமா? மக்களாட்சியில் வடகுன்றம் அல்லவா மக்களைத் தேடி வர வேண்டும்! இந்தக் கணம் முதல் இந்நிலையத்தின் பெயர் வடகுன்றம். நீங்கள் அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டீர்கள். வாழ்த்துகள்! இதை ஐயுறுவது அரசநிந்தனை.”

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள். ஒருவர் உண்மையிலேயே கண் கலங்கி, “எப்படியோ வந்து சேர்ந்துட்டோம்ப்பா,” என்றார். ஒரு பெண், “அப்ப எங்கக்கா வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

காத்தாயி கைதட்டவில்லை. அழவும் இல்லை. அமைச்சர் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு நேராக மகிழ்வண்ணனின் மேசைக்குப் போனாள்.

“ஐயா, இது வடகுன்றந்தானே?”

“சந்தேகம் வேண்டாம், மதிப்புக்குரிய பயணியே. ஆணை தெளிவாக இருக்கிறது.”

“அப்ப நீங்க வடகுன்றத்து முத்திரை அதிகாரி.”

மகிழ்வண்ணன் இதை யோசித்திருக்கவில்லை. “ஆம்… அப்படித்தான் ஆகிறது,” என்றார்.

“இன்னிக்கு ஒன்பதாம் நாள். நான் வந்து சேர்ந்துட்டேன். இதுல வருகை முத்திரை வைங்க.”

அவர் ஓலையை வாங்கிப் படித்தார். முழுவதும் படித்த பிறகு முதல்முறையாக அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. “அம்மா, இது வேறு வடகுன்றத்தை…” என்று தொடங்கினார்.

“வேற வடகுன்றம் இருக்கா ஐயா?” என்று காத்தாயி கேட்டாள். உரக்கக் கேட்கவில்லை. ஆனால் முரசறைபவர் இன்னும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

இருக்கிறது என்றால் அரசநிந்தனை. மகிழ்வண்ணன் கழுத்திலிருந்த முத்திரையைக் கழற்றினார். அரக்கை உருக்கி, நாளைக் குறித்து, அழுத்தமாக ஒரு முத்திரை வைத்தார். ஓலையைத் திருப்பித் தரும்போது குனிந்து, குரலைத் தாழ்த்தி, “என் வீடும் அங்கதாம்மா. ஆறு மாசமா நானும் போகல,” என்றார்.

“அப்ப வாங்களேன், நடந்து போவோம்.”

அவர் மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு சிரிப்பை மறுபடி வரவழைத்துக்கொண்டு, “மதிப்புக்குரிய பயணியே, தங்கள் பயணம் இனிதாகட்டும்,” என்றார்.

காத்தாயி பின்வாசல் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வைத்தியலிங்கம் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அக்கா வீட்டைத் தேடிய பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். கைதட்டியவர்களில்கூடச் சிலர் இருந்தார்கள். முள்ளை வெட்டி வழி செய்துகொண்டு, ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆறு நாள் நடந்தார்கள்.

பதினைந்தாம் நாள் காலையில் காத்தாயி வடகுன்றத்துச் சிறை வாசலில் நின்றாள். சிறைத் தலைவர் ஓலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை அசல். நாள் சரி. அவர் பதிவேட்டைப் புரட்டினார். அவர் முகம் கறுத்தது.

“ஒன்பதாம் நாளே வருகை பதிவாகியிருக்கிறதே. விதிப்படி அன்றைக்கே கைதி விடுதலையாகியிருக்க வேண்டும். அரசு விதி ஒருபோதும் தவறாது. ஆகவே அவன் விடுதலையாகிவிட்டான். அப்படியானால் ஆறு நாளாக உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருப்பவன் யார்?”

காத்தாயி ஒரு கணம் யோசித்தாள். “யாரோ தெரியாம உள்ள வந்துட்டான்போல ஐயா. வெளியில தள்ளுங்க.”

சிறைத் தலைவருக்கு இது நியாயமாகப் பட்டது. அனுமதியின்றி அரசுச் சிறையில் தங்கியதற்காகச் சடையப்பனைக் கடுமையாகக் கண்டித்து, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எச்சரித்துக் கதவைச் சாத்தினார்.

சடையப்பன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முதலில் அவள் பாதங்களைத்தான் கவனித்தான். கிழிந்த துணியைச் சுற்றியிருந்தாள். அதில் ரத்தம் காய்ந்திருந்தது.

“பட்சி வரலையா?” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிலையத்தில் அடக்கிவைத்த அழுகை அத்தனையும் அப்போதுதான் வந்தது. அழுது ஓய்ந்ததும் இருவரும் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். வெட்டிய வழி இருந்ததால் திரும்பிப் போக ஐந்தே நாள் ஆனது.

அவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது நிலையத்தின் கூடம் காலியாகக் கிடந்தது. காத்திருப்போர் ஒருவர்கூட இல்லை என்று அரசுக்கு அறிக்கை போயிருந்தது. அரசு அறிக்கைகளில் அது ஒன்றுதான் உண்மை. அந்தச் சாதனைக்காக விண்தோழன் கழகத்துக்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. அத்தோடு இன்னொரு பொறுப்பும் வழங்கப்பட்டது. அந்நாட்டில் அரசர் பிறப்பால் வருவார். முதலமைச்சர் மட்டும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலால் வருவார். அந்தத் தேர்தலை நடத்தும் வேலையை இனிக் கழகமே கவனிக்கும்.

தேர்தல் நாளன்று சாவடி வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ‘வாக்காளர்களின் வசதியை முன்னிட்டு, வரிசையில் நிற்பவர் அனைவரும் வாக்களித்தவராகக் கருதப்படுவர். உள்ளே சென்று சிரமப்பட வேண்டியதில்லை. தங்கள் வாக்கு யாருக்கு என்பதைக் கழகம் அன்புடன் கவனித்துக்கொள்ளும்.’

பந்தலில் நல்ல நிழல். வரிசையில் நின்றவர்களுக்கு மோர் கொடுத்தார்கள். காத்தாயியும் சடையப்பனும் வந்ததைப் பார்த்து, கழகத்தின் புது அலுவலர் ஒருவர் கைகூப்பி எதிர்கொண்டார்.

“வாருங்கள் அம்மா. கடைசியில் போய் நில்லுங்கள். நின்றாலே போதும்.”

“நான் நிக்க வரலை ஐயா,” என்றாள் காத்தாயி.

வரிசையை ஒட்டியே நடந்து கதவை நோக்கிப் போனாள். சடையப்பன் பின்னாலேயே போனான். “மதிப்புக்குரிய வாக்காளரே! மதிப்புக்குரிய வாக்காளரே!” என்று கூப்பிட்டபடி அலுவலர் ஓடிவந்தார். வரிசையில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் போகிற பக்கம் திரும்பிப் பார்த்தார்.