ஏழாம் மெஷினுக்கு முதல் ரேங்க்

திரையில் இருபத்துமூன்று கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒரு கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அது ஏழாம் நம்பர் மெஷினின் கோடு. மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு மேனேஜர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அது கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை. எந்த மெஷின் எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று நொடிக்கு ஒருமுறை கேட்டு வாங்கித் திரையில் வரைந்து காட்டும் சாஃப்ட்வேரைப் பொருத்த வந்தவன் அவன். அது சரியாக ஓடுகிறது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அவன் வேலை முடியும். கண்ணால் பார்ப்பதைவிடத் திரையில் பார்ப்பதைத்தான் நம்புவான் என்பதால், கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஸ்க்ரீன்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, சாயங்கால ரயில்ல ஏறுறீங்களா, இல்லையா?"

"ஏறிட்டேன்னே வெச்சுக்கோ. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி."

"நாலு மாசமா இதே ஒரு கையெழுத்துதான். நேத்து குழந்தை உங்க போட்டோவைக் காட்டி, 'இந்த அங்கிள் யாரு'ன்னு கேக்குது."

"இன்னிக்கு ராத்திரி அங்கிள் நேர்ல வந்து சொல்லுவாரு. போதுமா?"

போனை வைத்துவிட்டு ஏழாவது கோட்டை முறைத்தான். கால அட்டவணைப்படி காலையிலிருந்தே அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக, கோளாறு தகவல் வரும் வழியில்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் மெஷின்கள் இருக்கும், தூசி புகாத அந்த அறைக்குள் போக, தலை முதல் கால் வரை வெள்ளை உறை, முகமூடி, இரண்டு ஜோடி கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, நாலு பக்கமும் காற்று பீய்ச்சும் கூண்டில் நின்று சுற்ற வேண்டும். தவிர, 'இனிமேல் யாரும் மெஷின் பக்கமே போக வேண்டாம்' என்று சொல்லித்தான் அவன் கம்பெனி இந்த சாஃப்ட்வேரை விற்றிருந்தது. விற்றவனே போய் எட்டிப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்?

இன்டர்காமை எடுத்தான். உள்ளேயிருந்து ஷிஃப்ட் சூப்பர்வைசர் அம்மா பேசினார்.

"மேடம், ஏழாவது மெஷின்ல நம்ம கேபிள் மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு சார்."

"கழண்டு கிழண்டு கிடக்கலையே?"

"கெட்டியா இருக்கு சார்."

"பச்சை லைட்டு?"

"கேபிள்ல பச்சை லைட்டுதான் சார் எரியுது."

"அது போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

ஒன்பதே முக்காலுக்கு சாஃப்ட்வேரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். இருபத்துநான்கு கோடுகளும் சேர்ந்து படுத்தன. இரண்டு நிமிஷம் கழித்து இருபத்துமூன்று எழுந்தன. ஏழு எழவில்லை. மற்ற கோடுகளின் நடுவே இரண்டு நிமிஷ வெற்றிடம், முன்பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது.

"கொஞ்ச நேரத்துக்குத்தானே" என்று, ஆறாம் மெஷினின் தகவலையே ஏழுக்கும் திருப்பிவிட்டான். ஏழு துள்ளி எழுந்தது. ஆறும் ஏழும் அண்ணன் தம்பி போல ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அவன் காபியைக் கையில் எடுத்தான்.

உள்ளே யாரோ சுத்தம் செய்ய ஆறாம் மெஷினின் மூடியைத் திறந்தார்கள். ஆறு சரிந்தது. தம்பியும் சரிந்தான். எச்சரிக்கை மணி அலறியது. இன்டர்காமும் அலறியது.

"சார், ஏழாம் மெஷின்ல சூடு குறையுதுன்னு இங்க மணி அடிக்குது!"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் மேடம். நான் இங்கிருந்தே ஏத்திடறேன்."

"அங்கிருந்தே ஏத்திடுவீங்களா?"

"அதான் மேடம் டெக்னாலஜி."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக மாற்றுவது போலக்கூட இருந்தது.

ஸ்க்ரீனுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வரியில் தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். சூடு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு என்று அதுவே பொய்க் கணக்குச் சொல்லும். உண்மை போலத் தெரிவதற்கு ஒரு துளி முன்னே, ஒரு துளி பின்னே. அதை ஏழாம் மெஷினுக்கு மாட்டினான். கோடு, பயிற்சி எடுத்த குதிரை மாதிரி நடந்தது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு சாஃப்ட்வேர் தானாகவே ஒரு பட்டியல் போட்டது. தொழிற்சாலையிலேயே சிறந்த மெஷின்: ஏழு. முதல் ரேங்க். பக்கத்தில் தங்க நட்சத்திரம் வேறு.

அதை அழிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கிற மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏழு நல்லா ஓடுது போல."

"பிரமாதம் சார்."

"காலைல ஏதாவது பிரச்சனை?"

"ஏழுலயா? அது பாட்டுக்கு ஓடுது சார், தங்கக் கம்பி."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலைல இருக்கேன். இவ்வளவு ஒழுங்கான மெஷினை நான் பார்த்ததே இல்லை."

"எங்க சாஃப்ட்வேர் வந்தா எல்லாமே ஒழுங்காயிடும் சார்."

"அப்ப மத்த மெஷினையெல்லாம் ஏழு மாதிரியே மாத்திடலாமா?"

சாயங்கால ரயில் கண்ணுக்குள் ஓடியது. "தாராளமா மாத்தலாம் சார்."

"அதை எழுதிக் குடுங்களேன். ஏழாம் மெஷின் காலைலேர்ந்து நல்லா ஓடுதுன்னு. கீழ உங்க கையெழுத்து."

எழுதினான். கையெழுத்தும் போட்டான், பெயருக்குக் கீழே கோடு இழுத்து. மேனேஜர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப தெளிவாயிடுச்சு" என்று சொல்லி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஸ்க்ரீன் மனைவியைக் கூப்பிட்டான். "குழந்தையைத் தூங்க வெச்சிடாதே. வந்துட்டே இருக்கேன்."

"நெஜமாவா?"

"நூத்துக்கு நூறு."

பையைக் கட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தான். சூப்பர்வைசர் அம்மா முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்துகொண்டிருந்தார். நெற்றியில் உறையின் தடம் பதிந்திருந்தது.

"எங்க சார், பையோட?"

"ஊருக்குத்தான். உங்க சார் கையெழுத்து போடப் போயிருக்காரு. ஏழாவது மெஷினைப் பார்த்து அசந்துட்டாரு."

அந்த அம்மா அவனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

"எந்த சாஃப்ட்வேர் வந்தாலும், எங்க சார் கையெழுத்து போடுற அன்னிக்குக் காலைல ஒரு மெஷினை அவர் கையாலேயே நிறுத்தி வெச்சிடுவாரு சார், இன்னிக்கு ஏழு, அது நிக்குதுன்னு சரியாக் காட்டினது இதுவரைக்கும் உங்களோடது ஒண்ணுதான், அதுவும் ஒன்பதே முக்கால் வரைக்கும்!"