ஞாயிறு மதியத் தூக்கச் சட்டம்

என் ஞாயிற்றுக்கிழமையை எப்படியும் மீட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். மச்சான் அறிவழகனிடமிருந்து.

அறிவழகன் என் மனைவி மணிமொழியின் அண்ணன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. தங்கமான மனிதர்தான். ஆனால் வாராவாரம் நாங்கள் பெரம்பலூரிலிருந்து வண்டியில் போய் அவர் எதிரில் உட்கார வேண்டும். மூன்று மணி நேரம் சிமெண்டைப் பற்றியே பேசுவார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பே இறுகிவிடும். ஆறு நாள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவனுக்கு ஏழாம் நாள் ஒரு மதியத் தூக்கம் கிடையாதா?

அப்போதுதான் பேப்பரில் பார்த்தேன். சட்டசபையில் ஒரே நாளில் நகராட்சி, பத்திரப்பதிவு, கடைகள், பல்கலைக்கழகம் என்று வரிசையாகச் சட்டத் திருத்தம். எல்லாம் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டதாம். நம் வீட்டிலும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

மனுத்தாளை எடுத்தேன். தூக்கச் சட்டம், பயணச் சட்டம், ரிமோட் சட்டம், உப்புமாச் சட்டம், நான்குக்கும் திருத்தம் எழுதினேன். முதலாவதுதான் என் உயிர். ஞாயிறு மதியம் என்னை யாரும் எழுப்பக் கூடாது, எங்கும் கூப்பிடக் கூடாது. மற்ற மூன்றும் பேரத்தில் விட்டுக்கொடுப்பதற்கு. கடைசியில் கம்பீரமாக ஒரு வரி இல்லாவிட்டால் எனக்குக் கை நிற்காது, தொழில் பழக்கம். ‘இச்சட்டங்கள் குடும்பத் தலைவர் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று முடித்தேன்.

மணிமொழி நிதானமாகப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ ஆம் என்று சொல்லிவிட்டாள்.

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்குந்தான். கடைசி வரி ரொம்ப நல்லாருக்குங்க. அத மட்டும் அடிச்சுடாதீங்க.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் வெற்றி. டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் பாயை விரித்துப் படுத்தேன். கண் சொருகுகிற நேரம், புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“எந்திரிங்க. அண்ணன் வூட்டுக்கு நேரமாச்சு.”

“அதான் சட்டம் போட்டாச்சுல்ல?”

“போட்டாச்சு, யாரு இல்லன்னா? இன்னும் நடைமுறைக்கு வரலியே. தலைவர் அறிவிக்கணும்ல?”

“இந்தா, அறிவிச்சுட்டேன்.”

அவள் பீரோவைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். தலைவர் இடத்தில் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

“பேர மாத்தச் சொல்லி போன வருஷம் மனு எழுதுனது யாரு?”

நான்தான். விரைந்து மாற்றித் தரும்படி பணிவுடன் வேறு கேட்டிருந்தேன்.

“சரி, நீ எப்பத்தான் அறிவிப்ப?”

“பரிசீலிக்கிறேன். வண்டிய எடுங்க.”

சட்டத்தை உடனே நடைமுறைப்படுத்தக் கோரி, குடும்பத் தலைவி அவர்களுக்கு இப்போது ஒரு மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை வரும் ஞாயிறு மதியமாம், ரெட்டிபாளையத்தில்.