மிராசுதாருக்கு எழாத முதுகு

எனக்குத் தலைக்கனம் உண்டு. அது முதுகில் இறங்கிய கதை இது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவளும் நானே. குத்தகைதாரர் பெயர்களைப் பதியும் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். நாளெல்லாம் குனிந்து நடவு நடும் அம்மாவிடம், “இனிமே நம்ம வீட்டுல யாரும் குனிய வேணாம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மேசை என் மார்பு உயரம். நாற்காலியோ குழந்தைகளுக்குச் செய்தது. தோளைக் காதுவரை தூக்கி, கழுத்தை நீட்டி (கொக்கு மீன் பார்ப்பதுபோல) தட்டச்சு செய்வேன். மேலே தகரக் கூரை. இருந்த ஒரே மின்விசிறி தலைமை எழுத்தரை மட்டும் பார்க்கும். அவர்தான் ஒருநாள், “பழைய பதிவேடு ரெண்டை அடியில போட்டு உட்காரும்மா” என்றார்.

எழுத்தின்மேல் உட்காருவதா? காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன்பின் யாரும் என்னிடம் பேசவில்லை. மதியம் சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரம் எங்கள் ஊர் மிராசுதார் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், மனதால். முதுகு வரவில்லை.

“யாரு இது?” என்றார். தலைமை எழுத்தர் அம்மா பெயரைச் சொன்னார்.

“ஆத்தா என் வயல்ல குனியிறா, மக உட்காந்திருக்காளா?”

முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். நாற்காலிகூட ஒத்துவராத குடும்பம் என்று சிரிப்பார்களே! வாயை இறுக மூடிக்கொண்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

எல்லோரும் போனபிறகு, நாற்காலியிலிருந்து தரைக்கு வழுக்கி, இரண்டாக மடிந்தபடி நடந்தேன். கீழ்வேளூர் பஸ்ஸில் கண்டக்டர், “கீழ என்ன விழுந்துச்சும்மா?” என்று தானும் குனிந்து தேடினார்.

செய்தி எனக்கு முன்பே ஊர் சேர்ந்திருந்தது. மிராசுதாருக்கு எழுந்திருக்காதவள் என்று விவசாயச் சங்கத்தார் வாசலில் நின்று பாராட்டினார்கள். குனிந்தபடியே கேட்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

அவர்கள் போனதும் அம்மா விளக்கெண்ணெயைச் சுடவைத்து வந்து, “எத்தனை குழி வயல் நட்டே?” என்றாள்.

இப்போது வேறு ஊரில் வேலை. நாற்காலியில் தலையணை போட்டிருக்கிறேன். பதிவேட்டின்மேல் இன்றும் உட்காருவதில்லை. லீவுக்குப் போய், உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் கேட்டால் அம்மா கேட்பாள்: “ஏன், மிராசுதார் வந்திருக்காரா?”

வாடகை அறையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்போது நானே அதைச் சொல்லிக்கொள்கிறேன். சிரிக்கத்தான் ஆளில்லை.