சகலையின் ஆர்க்கிட்டும் என் கத்தரிக்கோலும்

கூடப்பிறந்தவன் நன்றாக இருந்தால் சந்தோஷப்படலாம். பக்கத்து வீட்டுக்காரன் நன்றாக இருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். சகலை நன்றாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளத் தனி மனசு வேண்டும். எனக்கு அது கிடையாது.

நான் திருவெறும்பூரில் தையல்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் மனைவி சாந்தியின் தங்கையைக் கட்டிய மணிவண்ணன் டிகிரி படித்தவர், அரசாங்க உத்தியோகம், ஸ்ரீரங்கத்தில் நாலாவது மாடியில் ஃப்ளாட், பால்கனியில் நின்றால் காவிரிக் காற்று. (என் கடை வாசலில் நின்றால் தஞ்சாவூர் ரோட்டு லாரிப் புகை.) இத்தனைக்கும் நான்தான் மூத்த மாப்பிள்ளை.

ரயில்வேயில் ரிட்டயர் ஆன எங்கள் மாமனார், ஏற்காடு போய்விட்டு வந்தபோது இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஆர்க்கிட் செடி வாங்கி வந்தார். ஒரே உயரம், நாலே இலை, இரண்டிலும் பூ இல்லை.

"யார் கையில முதல்ல பூக்குதுன்னு பாப்போம்" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆறே மாதத்தில் சகலை வீட்டுச் செடி பூத்தது. ஒரே காம்பில் ஒன்பது பூ, வெள்ளையில் ஊதா நரம்பு. தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருப்பேன். டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவேன். "அண்ணே, என் ஸ்டேட்டஸை தினமும் முதல்ல பாக்குறது நீங்கதாண்ணே. ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று ஒருநாள் போனில் சொன்னார். யார் பார்த்தார்கள் என்று அதில் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மாமனார் சும்மா இருந்தாரா? "சின்ன மாப்ள கை பட்டா பட்டுப்போன கட்டைகூடப் பூக்கும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை அவர் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

என் செடியிலோ பூவுக்குப் பதில் வேர்தான் வந்தது. அதுவும் தொட்டிக்குள் கிடக்காமல் வெளியே எட்டிப்பார்த்து, கோழிக்கால் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. செடிக்கு என் வீடு பிடிக்கவில்லை, ஸ்ரீரங்கத்துக்கு ஓடிப்போக வழி பார்க்கிறது என்றே நினைத்தேன். சகலையிடம் கேட்டிருக்கலாம். கேட்பேனா? ஒரு நர்சரிக்காரரிடம் போய் நின்றேன்.

"மண்ணே ஆகாதுங்க இதுக்கு" என்றார். "அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டு, தேங்கா மட்டை போட்டு வேற தொட்டிக்கு மாத்துங்க. அழுகின வேரை மட்டும் வெட்டுங்க. வெளிய தொங்குறது காத்துல ஈரம் குடிக்கிற வேரு, அதை உள்ள திணிச்சுடாதீங்க."

இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கினேன். கத்தரிக்கோலை வெந்நீரில் முக்கினேன். செடியைத் தொட்டியிலிருந்து உருவி மடியில் கிடத்தி, ஒவ்வொரு வேராக அமுக்கிப் பார்த்து, கொழகொழவென்று இருந்ததை மட்டும் நறுக்கினேன். ஒவ்வொரு நறுக்குக்கும் சாமியைக் கூப்பிட்டேன். "நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீங்க இவ்ளோ பதறலங்க" என்றாள் சாந்தி.

செடி பிழைத்துக்கொண்டது. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, இலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு முனைகள் கிளம்பின. ஒன்று வெள்ளி ஜரிகை போட்டது போலப் பளபளப்பாக, மொழுமொழுவென்று ராஜ களையோடு இருந்தது. இன்னொன்று வெறும் பச்சை. கணு கணுவாக, சீக்காளி மாதிரி. ஒன்று பூக்காம்பு, ஒன்று வேர் என்று புரிந்தது. எது எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற எனக்கு! சகலையின் செடியைப் போட்டோவில் நூறு தடவை பார்த்தவன்தான். ஆனால் பொறாமைக்காரன் கண்ணுக்குப் பூதான் தெரியும், காம்பு தெரியாது.

சத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டால் பூ சின்னதாகிவிடுமே என்று கவலை வந்தது. சகலையினுடையதைவிட ஒரு பூவாவது கூட வர வேண்டாமா? பச்சையை வெட்டினேன்.

சாந்தி அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். "என்னங்க, இதுல கணு இருக்கே. வேர்ல கணு இருக்குமா?"

"தையல் விஷயத்துல நீ சொல்லு, கேக்குறேன். செடி விஷயத்துல வாயத் தொறக்காத."

(தையல் விஷயத்திலும் கேட்டதில்லை.)

ஜரிகைக்காரனுக்கு ராஜ உபசாரம் நடந்தது. தினமும் இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். அது கீழே வளையப் பார்த்தபோது ஒடிந்துவிடுமோ என்று பயந்து, விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை நட்டு, வெல்வெட் நாடாவால் நிமிர்த்திக் கட்டினேன். பிறகு மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, காம்பு விட்டிருக்கு. ஏழரை இஞ்ச்!"

(ஏழரை என்று வாயில் வந்தபோதே யோசித்திருக்க வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை மாமனார், சகலை, கொழுந்தியாள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். ஹாலில் ஸ்டூல் போட்டு, பட்டுத்துணி விரித்து, செடியை வைத்திருந்தேன். சகலை குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. வயிற்றெரிச்சல் என்று எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அண்ணே, இதுக்கு ஏன் குச்சி கட்டியிருக்கீங்க?"

"பூக்காம்பு சாயக்கூடாதுல்ல தம்பி. உங்களுக்கும் நாடா வேணும்னா தரேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இது வேருண்ணே. காம்புன்னா பச்சையா, கணு கணுவா இருக்கும்."

சமையற்கட்டிலிருந்து சாந்தி கரண்டியோடு ஓடி வந்தாள். "அய்யோ, அன்னிக்கு வெட்டிப் போட்டீங்களே, அதுதாங்க!"

சகலை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். என் தோளைத் தட்டி, "பரவால்லண்ணே, வேரு நல்ல ஆரோக்கியமா இருக்கு" என்றார். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குச்சியையும் நாடாவையும் என்னையும் ஒரு சுற்று பார்த்தார்.

"பெரிய மாப்ள கை பட்டா வேருகூட அட்டென்ஷன்ல நிக்குதுப்பா!"

என் மகள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். அப்புறம் வீடே சிரித்தது.

அதோடு போயிற்றா? இரண்டு வருஷம் கழித்து அவளைப் பெண் பார்க்கத் தொட்டியத்திலிருந்து வாழைத் தோப்புக்காரர்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள், இரண்டு பக்கமும் பேச்சே எழவில்லை. மாமனார் திடீரென்று, "உங்க தோப்புக்கு நாங்க எல்லாரும் வரோம். எங்க பெரிய மாப்ளய மட்டும் கத்தரிக்கோலோட உள்ள விட்டுடாதீங்க" என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. சகலை எழுந்து நின்று, நான் காம்பை வெட்டியது, வேரை டேப் பிடித்து அளந்தது, நாடா கட்டியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த சிரிப்பில் காபி புடவையிலெல்லாம் கொட்டியது. "இப்படிச் சிரிக்கிற வீட்டுல கண்ண மூடிக்கிட்டு பொண்ணு எடுக்கலாம்" என்று அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

மகள் நன்றாக இருக்கிறாள். "எல்லாம் சின்ன மாப்ள பேசின பேச்சுல அமைஞ்ச சம்பந்தம்" என்று மாமனார் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காம்பை வெட்டியது யார் சார்?