வெள்ளையாகாத கோசு

வேதமாணிக்கம் தன் மனைவி தேவகிருபையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். கஞ்சி கொண்டுபோயிருந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு, "தேசப்பன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருங்க" என்றாள். அந்த நேரத்திலும் அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒன்பது வருஷமாக இதே பாட்டு.

பாட்டு ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில். ராயபுரத்தில் அவருடைய பருப்பு மண்டிக்கு வந்த இத்தாலிக் கப்பல் சமையற்காரன், ஒரு பொட்டலம் விதை கொடுத்து, 'ப்ரோக்கோலி' என்று சொல்லி, தன் விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டிவிட்டுப் போனான். கொல்லையில் ஆறு செடி தேறியது. மார்கழியில் ஒவ்வொன்றின் நடுவிலும் பூக்கோசு மாதிரி பச்சையாக ஒரு கொண்டை. முதல் கோசு கோயில் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு என்று வேதமாணிக்கம் சபை முழுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளையாகும்வரை யாரும் தொடக்கூடாது.

"இது இம்புட்டுத்தான் விளையும். முத்துறதுக்கு முன்னால வெட்டிருவோம்" என்றாள் தேவகிருபை.

"கப்பல்காரன்கிட்டப் பேசினது நானா நீயா? கோசுன்னா வெள்ளையாகணும்."

மறுவாரம் ஒரு கொண்டையைக் காணோம். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. வேதமாணிக்கம் கொதித்துப்போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன் தேசப்பன், கட்டுமரக்காரன். வேறு யார் எடுத்திருக்க முடியும்? மதில்மேல் தலையை நீட்டிக் கேட்டே விட்டார்.

"இன்னா நைனா, மீன் புடிக்கிறவன் உன் பச்சப் பூவ வச்சிகினு இன்னா பண்றது? மல்லி வாங்கியாந்தாலே வாடிப்பூடுச்சுன்னு திட்றா என் பொஞ்சாதி."

இதெல்லாம் ஒரு பதிலா? அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டார்.

வெட்டுப்பட்ட செடிகள் பக்கவாட்டில் குட்டிக் கொண்டைகள் விட்டன. அவையும் மறைந்தன. தினமும் மத்தியானம் சோற்றின்முன் உட்கார்ந்து கள்ளனைச் சபித்தார். நல்லவேளை, அந்த நாட்களில் தேவகிருபையின் கைப்பக்குவம் என்றுமில்லாதபடி கூடியிருந்தது. தேங்காய்த் துருவல் தூவிப் பொரியல். மறுநாள் சென்னாகுன்னிக் கருவாடு போட்டு வதக்கல். பாசிப்பருப்போடு கூட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் சுடச்சுட வடை. எல்லாவற்றிலும் பச்சைப் பச்சையாக ஏதோ இருந்தது. என்ன கீரை என்று கேட்டார். வள்ளூரிலிருந்து ஒருத்தி கொண்டுவந்த கீரை என்றாள்.

"வடை பிரமாதம்" என்று ஆறாவதை எடுத்தார். "கள்ளப்பய இதைத் தின்னிருந்தா என் கோசைத் தொட்டிருக்கவே மாட்டான்."

அவள் ஏழாவதை வைத்தாள்.

கொண்டை பறிபோகாமல் மிச்சமிருந்த ஒரே செடிக்கு முள்வேலி போட்டு, மண்டியைக்கூட மறந்து காவலிருந்தார். பண்டிகைக்கு முந்தின நாள் கோசு வெள்ளையாகவில்லை. கடுகுச் செடிபோல மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. தேனீ வேறு மொய்த்தது.

"அந்தக் கள்ளன் மட்டும் கையில கிடைச்சா" என்று பல்லைக் கடித்தார்.

"ஏன், அவந்தான் அன்னிக்கே சொன்னானே, வடை பிரமாதம்னு" என்றாள் தேவகிருபை.

அந்தச் செடியிலிருந்து அவளே விதை எடுத்தாள். வருஷம் தவறாமல் புரட்டாசியில் விதைத்தாள். அவரும் தின்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. திருடியது பெண்டாட்டி, தலைகுனிவது புருஷனா? என்ன நியாயம் இது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மதிலோரம் போய் நின்று தேசப்பனைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்பும் கேட்டார். தேசப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"அது அப்பவே தெரியும் நைனா. நீ பேசலன்னு மனசு கேக்காம, அக்கா வருசா வருசம் வடை குட்த்தனுப்சாங்க. நீ பேசிட்டா வடை நின்னுபூடும்னுதான் நானும் கம்முனு கெடந்தேன்."

தேவகிருபை கடைசியாக எடுத்துவைத்த விதை பவுடர் டப்பாவில் இருக்கிறது. பாதி டப்பா.